குரோமியம்-6: கார்பன் டாட் கொண்டு கண்டறிவதும் வேலூர் வெயிலில் மாற்றுவதும்

வடாற்காட்டு மண்ணில் குரோமியம் இரண்டு வழியாக வந்து சேர்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் நானோ சென்சார் செய்யப் புறப்பட்டால் முதல் நாளே தடுமாற்றம்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் ஆலைகள் பதனிடப் பயன்படுத்துவது பேசிக் குரோமியம் சல்ஃபேட். அது குரோமியம்-3, பச்சை நிறம், நடுநிலை நீரில் பெரும்பகுதி ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுக் குவியலிலிருந்து மழைக்குக் கரைந்து இறங்குவது குரோமியம்-6. மஞ்சள் நிறம், அமிலத்திலும் காரத்திலும் கரைந்தே கிடக்கும், நிலத்தடி நீரோடு ஓடும், புற்றுநோய் வரவழைக்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 10500 மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இந்த எண்ணை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இங்கே சொல்லப்போவது இரண்டு வேலை. நீலமாக ஒளிரும் கார்பன் டாட் (சில நானோமீட்டரே உள்ள கார்பன் துகள்) தயாரித்து, அது மங்குவதை வைத்துக் குரோமியம்-6 அளப்பது ஒன்று. டைட்டானியம் டை ஆக்சைடு நானோ பொடியை வினையூக்கியாக வைத்து, வெயிலில் குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக மாற்றுவது இன்னொன்று. ஹாட் ஏர் ஓவன், சென்ட்ரிஃபியூஜ், பி.எச். மீட்டர், யு.வி.-விசிபிள் கருவி இருக்கும் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் முடியும். ஒளிர்வை அளக்கும் ஃப்ளோரிமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. பொட்டாசியம் டைகுரோமேட்டை டைட்ரேஷனுக்கு எடுத்துப் பழகிய கை அதைச் சாதாரணமாக நினைக்கும். நினைக்கக்கூடாது. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, எடை போடும்போது முகக்கவசம் மூன்றும் வேண்டும். வாயால் பைப்பெட் இழுக்கும் பழக்கம் இன்னும் சில ஆய்வகங்களில் மிச்சமிருக்கிறது. இந்த வேலையில் அது கூடவே கூடாது.

கார்பன் டாட் தயாரிப்பு

எலுமிச்சைச் சாறு, புளி, கத்திரித் தோல் என்று எதை வேகவைத்தாலும் ஏதோ ஒன்று நீலமாக ஒளிரும். ஆனால் சாற்றின் சேர்மானம் பருவத்துக்குப் பருவம் மாறும்; போன மாத அளவீட்டை இந்த மாதம் திரும்பப் பெற முடியாது. அளவுக்கருவி செய்கிறோம் என்றால் சுத்தமான ரசாயனத்தில் செய்வதே சரி.

சிட்ரிக் அமிலம் (மோனோஹைட்ரேட்) 1.05 கிராம், எத்திலீன் டைஅமீன் 335 மைக்ரோலிட்டர், காய்ச்சி வடித்த நீர் 10 மி.லி. இரண்டும் 5 மில்லிமோல் வீதம். சிட்ரிக் அமிலத்தை முதலில் கரைத்துவிட்டு, ஃப்யூம் ஹூடுக்குள் வைத்து எத்திலீன் டைஅமீனைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சூடாகும், வெண்புகை எழும், அதனால் அவசரம் வேண்டாம். தெளிந்த கரைசலை 25 மி.லி. டெஃப்லான் உள்கலம் கொண்ட ஹைட்ரோதெர்மல் ஆட்டோகிளேவில் ஊற்றி, 200 டிகிரி செல்சியஸில் 5 மணி நேரம் ஓவனில் வையுங்கள். உள்கலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒருபோதும் நிரப்பக்கூடாது; சூட்டில் நீர் விரிய இடமில்லை என்றால் அழுத்தம் எகிறும். நேரம் முடிந்ததும் ஓவனை அணைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் இருந்தாலும் திறக்க வேண்டாம், முழுக்க ஆறட்டும். குழாய் நீரில் காட்டி ஆறவைப்பதும் தவறு: வெளியே எஃகு சட்டென்று சுருங்கும், உள்ளே இன்னும் சூடாக இருக்கும் டெஃப்லான் உடனே சுருங்காது, மூடி இறுகிவிடும்.

நடுவில் கரண்ட் போனால் அந்தத் தொகுப்பைத் தனியாகக் குறித்து வையுங்கள். மீண்டும் சூடேற்றி மிச்ச நேரத்தை ஈடுகட்டினாலும் நிறமும் ஒளிர்வும் ஒத்துவராது. சரியாக வந்தது மஞ்சள் கலந்த பழுப்பாக, தேத்தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். அடியில் கறுப்பு வண்டல் கட்டியிருந்தால் ஓவனின் காட்டியும் உள்சூடும் ஒன்றல்ல என்று பொருள். தனித் தெர்மாமீட்டர் வைத்துச் சரிபாருங்கள்.

அடுத்தது டயாலிசிஸ், அதாவது சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் பையில் கட்டிச் சுத்தம் செய்வது. பலர் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான், பலருடைய முடிவு பிழையாவதும் இங்கேதான். சிட்ரிக் அமிலமும் எத்திலீன் டைஅமீனும் சேரும்போது கார்பன் டாட் மட்டும் உருவாவதில்லை, ஐ.பி.சி.ஏ. எனப்படும் சின்ன மூலக்கூறும் உருவாகிறது. அதுவும் பளிச்சென்று நீலமாகவே ஒளிரும். சுத்தம் செய்யாமல் அளந்தால் நீங்கள் அளப்பது நானோ துகளையா, சாதாரணச் சாய மூலக்கூறையா என்று உங்களுக்கே தெரியாது. 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்த கரைசலை 1000 டால்டன் பையில் கட்டி, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் மிதக்கவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அறை விளக்கை அணைத்துவிட்டு யு.வி. டார்ச் அடித்துப் பாருங்கள். பைக்கு வெளியே உள்ள நீர் முழுக்க நீலம் பூத்திருக்கும். வெளியேறும் சின்ன மூலக்கூறுகள்தான் அது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். வெளி நீரில் நீலம் அநேகமாகத் தெரியாமல் போகும்வரை இதைத் தொடர வேண்டும். ஒரு நாளில் முடியலாம், இரண்டு நாளும் ஆகலாம். பைக்குள் மிஞ்சும் ஒளி முதலில் இருந்ததைவிடக் குறைவாகவே இருக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், மிஞ்சியதுதான் உங்கள் பொருள்.

எடையை வைத்து வேலைக்கரைசல் கலப்பதைவிட அப்சார்பன்ஸ் (கரைசல் ஒளியை விழுங்கும் அளவு) வைத்துக் கலப்பது நல்லது. 365 நானோமீட்டரில் 1 செ.மீ. க்யூவெட்டில் 0.5 வரும்படி நீர்த்து, பழுப்புப் பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அளக்கும்போது இது பத்தில் ஒரு பங்காகும், அதாவது 0.05. இதற்கு மேல் போனால் டாட்களே தூண்டல் ஒளியை விழுங்கிவிடும், குரோமியம் விழுங்கியது எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது.

அளவிடும் முறை

குரோமியம்-6 ஸ்டாண்டர்டு: பொட்டாசியம் டைகுரோமேட்டை 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, 0.2829 கிராம் எடுத்து 100 மி.லி. ஆக்கினால் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் குரோமியம். இதிலிருந்து லிட்டருக்கு 0.5, 1, 2, 5, 10, 20 மில்லிகிராம் என்று நீர்த்துக்கொள்ளுங்கள்.

க்யூவெட்டில் மாதிரி நீர் 2.4 மி.லி., 200 மில்லிமோலார் டிரிஸ் பஃபர் (பி.எச். 8.0) 0.3 மி.லி., கார்பன் டாட் 0.3 மி.லி. கலக்கி ஐந்து நிமிடம் விட்டு, 365 நானோமீட்டரில் தூண்டி, 440-ஐ ஒட்டிய உச்சியைப் படியுங்கள். ஸ்டாண்டர்டுகளுக்கும் இதே கலவை, அதனால் நீர்த்தல் கணக்கு தானாகவே சரியாகிவிடும்.

இங்கே பாஸ்ஃபேட் பஃபர் போடக்கூடாது. ஆய்வுக்கட்டுரைகளில் பாதிக்கு மேல் பாஸ்ஃபேட்தான் இருக்கும். அவை காய்ச்சி வடித்த நீரில் செய்தவை. நம் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி என்று டீ போடும் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கால்சியம் பாஸ்ஃபேட்டோடு சேர்ந்து மெல்லிய கலங்கலாகும், ஒளி சிதறும், வாசிப்பு ஆடும். கண்ணுக்குக் கலங்கல் தெரியாத அளவிலேயே வாசிப்பு கெட்டுவிடும்.

பி.எச். 8 என்பதற்கும் காரணம் உண்டு. குரோமியம்-6 காரப் பக்கத்தில் குரோமேட்டாக இருக்கும். அதன் உச்சி 372 நானோமீட்டர், மோலார் உட்கவர்திறன் ஏறக்குறைய 4,800. அமிலப் பக்கம் போனால் ஹைட்ரஜன் குரோமேட்டாகி உச்சி 350 பக்கம் நகரும், உயரமும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். 365-இல் தூண்டும் நமக்குக் குரோமேட் வடிவமே வேண்டும்.

ஏன் மங்குகிறது?

எங்கள் கணிப்பில் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இதுதான். குரோமியம்-6 கார்பன் டாட்டைத் தொட்டு அதன் எலெக்ட்ரானைப் பறித்து மங்கச் செய்கிறது என்று பல கட்டுரைகளில் எழுதிவிட்டு, ஸ்டெர்ன்-வோல்மர் கோடு (செறிவுக்கு எதிரே மங்கலின் அளவு) போட்டு ஒரு மாறிலியைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. குரோமேட் மஞ்சள் நிறமானது. டாட்டுக்குப் போகவேண்டிய 365 நானோமீட்டர் ஒளியை வழியிலேயே அது குடித்துவிடுகிறது. டாட்டுக்கு எந்தக் கெடுதலும் இல்லை, அதற்கு வெளிச்சம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இதற்கு உள்வடிகட்டல் என்று பெயர்.

சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒரு க்யூவெட்டில் வெறும் கார்பன் டாட். இன்னொரு க்யூவெட்டில் வெறும் குரோமேட் கரைசல். குரோமேட் க்யூவெட்டை டார்ச்சுக்கும் டாட் க்யூவெட்டுக்கும் நடுவில் வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை, ஆனாலும் நீலம் மங்கும். குரோமேட்டை எடுத்ததும் பழையபடி ஒளிரும். மாணவர்களுக்குப் பத்துப் பக்கம் விளக்குவதைவிட இந்தக் காட்சி ஒன்று போதும்.

எண்ணாகச் சரிபார்க்க, பார்த்த ஒளிர்வை 10-இன் அடுக்கு [(தூண்டல் அலைநீள அப்சார்பன்ஸ் + ஒளிர்வு அலைநீள அப்சார்பன்ஸ்) ÷ 2] என்பதால் பெருக்குங்கள். திருத்திய பிறகு கோடு படுக்கையாகிவிட்டால் முழுக்க உள்வடிகட்டல். அப்புறமும் சரிவு மிஞ்சினால் மட்டுமே உண்மையான மங்கலைப் பற்றிப் பேசலாம்.

இதனால் சென்சார் வீணா என்றால், இல்லை. எதுவரை நம்பலாம் என்று காகிதத்திலேயே கணக்கிட்டுவிட முடிகிறது. க்யூவெட்டுக்குள் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குரோமியம் இருந்தால் 1 செ.மீ.க்கு அப்சார்பன்ஸ் சுமார் 0.09. நடுவிலிருந்து ஒளிர்வைப் படிக்கும்போது பாதித் தூரம்தான் கணக்கு, ஆகவே ஒளிர்வு ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். 5 மில்லிகிராமில் 40 சதவீதம், 10 மில்லிகிராமில் 65, 20 மில்லிகிராமில் 88. இது நல்ல வேலை எல்லை. குடிநீர் வரம்பான 0.05 மில்லிகிராமில்? அரை சதவீதம். விளக்கின் ஆட்டமே அதைவிடப் பெரியது. மூன்று மடங்கு திட்டவிலக்கத்தைச் சாய்வால் வகுத்து நானோமோலார் கண்டறி எல்லை என்று எழுதினாலும், 0.05 மில்லிகிராம் கலந்த நீரை நேராக வைத்துப் பத்து முறை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். இந்த முறையைக் கொண்டு ஒரு கிணற்று நீரைக் குடிக்கலாம் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். குவியல் பக்கத்து நீரில் நிறைய இருக்கிறதா, சுத்திகரிப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க இது. குடிநீருக்கு டைஃபீனைல் கார்பசைடு என்ற நிறச் சோதனை, அது பின்னால் வருகிறது.

ஒளிப்பாதையை நீட்டினால் கொஞ்சம் கீழே இறங்கலாம், ஃப்ளோரிமீட்டர் இல்லாதவர்களுக்கும் இதுவே வழி. அடி தட்டையான கண்ணாடிக் குழாயில் கலவையை 5 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, கீழிருந்து 365 நானோமீட்டர் டார்ச் அடித்து, மேல் விளிம்பை ஒட்டிய பகுதியைப் பக்கவாட்டிலிருந்து படமெடுங்கள். அங்கே போய்ச் சேரும் ஒளி 5 செ.மீ. குரோமேட்டைத் தாண்டி வந்தது. 1 மில்லிகிராமுக்கே 65 சதவீதம் மங்கும். டாட்டை இன்னும் நீர்த்து, 1 செ.மீ.க்கு 0.02-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன் கேமராவில் ஐ.எஸ்.ஓ., எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிட வேண்டும். ஆட்டோவில் விட்டால் மங்க மங்கக் கேமராவே வெளிச்சத்தை ஏற்றிக் கொடுத்து உங்கள் அளவீட்டை அழித்துவிடும். கறுப்புத் தாள் ஒட்டிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து எடுத்து, நீலச் சானலின் சராசரியை மட்டும் எடுங்கள். ரூபாய் நோட்டு பார்க்கும் மலிவு டார்ச் பெரும்பாலும் 395 நானோமீட்டர். ஊதா வெளிச்சம் நீலத்தோடு கலந்து குழப்பும். கறுப்பு ஃபில்டர் போட்ட 365 கேட்டு வாங்குங்கள்.

உண்மையான நீரில் வைக்கும்போது

மாதிரி எடுத்த உடனே 0.45 மைக்ரானில் வடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் அளந்துவிடுங்கள். உலோகம் அளக்கப்போகிறோம் என்ற பழக்கத்தில் நைட்ரிக் அமிலம் விட்டால் போச்சு. அமிலத்தில் குரோமியம்-6 நீரிலுள்ள கரிமப் பொருளையும் இரும்பையும் தாக்கித் தானே குரோமியம்-3 ஆகிவிடும். ஆய்வகம் வந்து சேரும்போது சுத்தமான நீராகத் தெரியும். மொத்தக் குரோமியத்துக்குத் தனிப் பாட்டில், அதற்கு மட்டும் அமிலம்.

தோல் ஆலைக் கழிவுநீரில் இந்தச் சென்சாரை நேரடியாக வைக்கவே கூடாது. கடுக்காய், வாட்டில் பட்டை போன்ற தாவர டானின்களும் சாயங்களும் 365 நானோமீட்டரை நன்றாகவே குடிக்கும். குரோமியம்-6 ஒரு துளி இல்லாவிட்டாலும் ஒளிர்வு படுத்துவிடும். இந்தப் பொய்யைப் பிடிக்க அஸ்கார்பிக் அமிலச் சோதனை இருக்கிறது. மாதிரியை இரண்டு 10 மி.லி.யாகப் பிரியுங்கள். ஒன்றில் அன்றே கலந்த 10 மில்லிமோலார் அஸ்கார்பிக் அமிலம் 0.5 மி.லி. விட்டு, நீர்த்த கந்தக அமிலத்தால் பி.எச். 3-க்குக் கொண்டுவந்து, பத்து நிமிடம் கழித்துச் சோடியம் ஹைட்ராக்சைடால் 8-க்குத் திருப்புங்கள். மற்றதில் அதே கன அளவு காய்ச்சி வடித்த நீர் மட்டும். இரண்டையும் டாட்டோடு அளந்தால், குரோமியம்-6 ஆல் மங்கியது அஸ்கார்பிக் விட்டதில் மீண்டு வரும். டானினாலும் சாயத்தாலும் மங்கியது மங்கியே இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் குரோமியம்-6. அஸ்கார்பிக் கரைசல் மஞ்சளாகிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

இரும்பு-3, தாமிரம், பாதரசம் மூன்றும் கார்பன் டாட்டை உண்மையாகவே மங்கச் செய்பவை. உலோக அயனிகளைக் கட்டிப்போடும் இ.டி.டி.ஏ. 1 மில்லிமோலார் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் சேர்த்த உடனே, நிழலில், பி.எச். 8-இலேயே அளந்துவிடுங்கள். அமிலமும் வெயிலும் சேர்ந்தால் இ.டி.டி.ஏ.வே குரோமியத்தை ஒடுக்கத் தொடங்கும். போர் தண்ணீர் எடுத்த சில நிமிடத்தில் செம்பழுப்பாக மாறுகிறது என்றால் அதில் இரும்பு-2 இருந்தது. இரும்பு-2 இருக்கும் நீரில் குரோமியம்-6 தாக்குப்பிடிக்காது. அங்கே சென்சார் குரோமியம் காட்டினால் சென்சாரைச் சந்தேகப்படுங்கள்.

நடுவர்: டைஃபீனைல் கார்பசைடு

0.25 கிராம் 1,5-டைஃபீனைல் கார்பசைடை 50 மி.லி. அசிட்டோனில் கரைத்துப் பழுப்புப் பாட்டிலில் வையுங்கள். நிறம் ஏறினால் பயன்படாது. 25 மி.லி. குடுவையில் மாதிரி, 1 நார்மல் கந்தக அமிலம் 5 மி.லி., இந்தக் கரைசல் 0.5 மி.லி., நீரால் குறிவரை. பத்து நிமிடத்தில் ஊதாச் சிவப்பு எழும், 540 நானோமீட்டரில் படிக்கலாம். குடுவையில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் இருந்தால் 1 செ.மீ. க்யூவெட்டில் சுமார் 0.04, 5 செ.மீ. க்யூவெட்டில் 0.2 வரும். பழைய முறைதான், ஆனால் குரோமியம்-6ஐ மட்டும் தேர்ந்து பிடிப்பதில் இதற்கு ஈடு குறைவு. கார்பன் டாட் சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இதன் எண்ணையும் எழுதி வையுங்கள்.

வெயிலில் மாற்றுவது

டைட்டானியம் டை ஆக்சைடில் பி25 என்று விற்பது 80-க்கு 20 விகிதத்தில் அனடேஸும் ரூட்டைலும் கலந்த, சுமார் 21 நானோமீட்டர் துகள். அனடேஸின் ஆற்றல் இடைவெளி 3.2 எலெக்ட்ரான் வோல்ட், அதாவது 387 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளிதான் அதற்கு வேலை. வெயிலில் அந்தப் பகுதி மொத்த ஆற்றலில் நாலைந்து சதவீதம்தான். ஆனாலும் வேலூர் வெயிலுக்கு அது போதும். ஒளி பட்டதும் எழும் எலெக்ட்ரான் குரோமியம்-6ஐ ஒடுக்கும். அது விட்டுப்போன காலியிடமான துளையை யாராவது நிரப்பவேண்டும், இல்லாவிட்டால் எலெக்ட்ரான் அதற்குள்ளேயே திரும்ப விழுந்துவிடும். அந்த யாரோ ஒருவர் ஃபார்மிக் அமிலம். ராணிப்பேட்டை, ஆம்பூர்க் கெமிக்கல் கடைகளில் தோல் வேலைக்கென்றே 85 சதவீதக் கேனில் கிடைக்கும் சரக்கு. ஆய்வுக்கு மட்டும் ஏ.ஆர். எனப்படும் ஆய்வகத் தூய்மைத் தரம் வாங்குங்கள், தொழில் தரத்தில் இரும்பு இருந்தால் அதுவே ஒரு வினையூக்கியாகி முடிவைத் திருப்பிவிடும். பலர் சிட்ரிக் அமிலம் போடுகிறார்கள். வேகம் வரும், ஆனால் சிட்ரேட் குரோமியம்-3ஐக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடைசியில் படியவிடாது. ஃபார்மிக் கார்பன் டை ஆக்சைடாகிப் போய்விடும்.

85 சதவீத ஃபார்மிக் அமிலம் 2.3 மி.லி.யை 100 மி.லி. ஆக்கினால் சுமார் 0.5 மோலார். 1000 மில்லிகிராம் குரோமியம் ஸ்டாண்டர்டு 1 மி.லி., இந்த ஃபார்மிக் 1 மி.லி., நீரால் 100 மி.லி. குரோமியம் லிட்டருக்கு 10 மில்லிகிராம், ஃபார்மிக் 5 மில்லிமோலார், பி.எச். தானாகவே 3 பக்கம் வந்து நிற்கும். இதில் பி25 0.1 கிராம் போட்டு, பத்து நிமிடம் சோனிகேட்டரில் வைத்து, 10 செ.மீ. அகலத் தட்டைப் போரோசிலிகேட் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஆழம் ஒன்றரை செ.மீ.க்குள் இருக்கும்; கலங்கலான கரைசலில் ஒளி அதற்கு மேல் இறங்காது.

முதலில் 30 நிமிடம் இருட்டில் கலக்க வேண்டும். பி.எச். 3-இல் துகளின் மேற்பரப்பு நேர்மின் கொண்டது, குரோமேட் அதில் போய் ஒட்டும். அந்தக் குறைவை வினை என்று எழுதினால் பிழை. இருட்டுக்குப் பிறகு உள்ள அளவே தொடக்க அளவு. பிறகு காலை பத்தரைக்கும் பகல் ஒன்றரைக்கும் நடுவில் மொட்டை மாடியில், காந்தக் கலக்கியின் மேல். 0, 10, 20, 30, 45, 60 நிமிடங்களில் 3 மி.லி. எடுத்து, பி.வி.டி.எஃப். வடிகட்டியில் வடித்து, முதல் அரை மி.லி.யைக் கொட்டிவிட்டு, 1 மி.லி.யை டைஃபீனைல் கார்பசைடுக்கு 25 மி.லி. ஆக்குங்கள். வடித்ததில் பச்சை லேசர் அடித்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் துகள் தப்பி வந்திருக்கிறது, சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுற்றுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரத்தில் தட்டு நீர் கண்ணெதிரே இறங்கும். நீர் ஆவியாகக் குரோமியம் செறிவாகும், வினை மெதுவாக நடப்பதுபோலத் தோன்றும். ஒவ்வொரு மாதிரிக்கும் முன் பாத்திரத்தை எடைபோட்டு, குறைந்த கிராமுக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி ஈடுகட்டுங்கள். பாலிகார்பனேட் மூடி போட்டு ஆவியைத் தடுக்க நினைக்காதீர்கள், தேவையான யு.வி.யும் அதோடு போய்விடும்.

அதே நேரத்தில், பக்கத்திலேயே, மூன்று துணைத் தட்டு ஓடவேண்டும்: டைட்டானியா (பி25 பொடி) இல்லாமல் ஃபார்மிக் மட்டும் வெயிலில், ஃபார்மிக் இல்லாமல் டைட்டானியா மட்டும் வெயிலில், இரண்டும் இருந்து அலுமினியத் தாள் மூடிய இருட்டில். நேற்றைய வெயிலோடு இன்றைய வெயிலை ஒப்பிட முடியாது, ஒரு மேகம் போதும் எண்ணை மாற்ற. ஒரே நாள், ஒரே மாடி, ஒரே நேரம்; அப்போதுதான் ஒப்பீடு.

கிணற்று நீருக்குப் போகும்போது 5 மில்லிமோலார் ஃபார்மிக் காணாமல் போகும். காரத்தன்மை கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வந்தால் அது 8 மில்லிஈக்விவலன்ட். உங்கள் அமிலம் முழுவதையும் தின்றுவிட்டு பி.எச். 6-க்கு மேலேயே நிற்கும், வினை படுத்துவிடும். முதலில் காரத்தன்மையை டைட்ரேட் செய்து, கந்தக அமிலத்தால் பி.எச். 3-க்குக் கொண்டுவந்து, பத்து நிமிடம் கலக்கிக் கார்பன் டை ஆக்சைடு போனபின் மறுபடி பார்த்துத் திருத்தி, அதன்பிறகு ஃபார்மிக் சேருங்கள்.

ஒரே பொடியை மூன்றாம், நான்காம் முறை பயன்படுத்தும்போது வேகம் குறையும். மேற்பரப்பில் குரோமியம்-3 படிந்திருக்கும், வெள்ளைப் பொடியில் லேசான பச்சைச் சாயல் ஏறியிருக்கும். 1 நார்மல் கந்தக அமிலத்தில் ஒரு மணி நேரம் கலக்கி, நீரால் கழுவி உலர்த்தினால் பெருமளவு மீளும். அந்தக் கழுவு நீரிலுள்ள குரோமியத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குரோமியம்-6 காணாமல் போனது என்பதும் குரோமியம் காணாமல் போனது என்பதும் வேறு வேறு. கரைசலில் இருப்பது, பொடியில் ஒட்டியது இரண்டையும் ஏ.ஏ.எஸ்.ஸில் (அணு உட்கவர்வுக் கருவி) அளந்து கூட்டினால் போட்ட 1 மில்லிகிராம் திரும்ப வரவேண்டும்.

வினை முடிந்த நீரைச் சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 8-க்கு உயர்த்துங்கள். பி25-க்குப் பி.எச். 6.5-ஐ ஒட்டி மின்சுமை இல்லாமல் போகும், அந்த இடத்தைத் தாண்டும்போது துகள்கள் திரண்டு கட்டியாகும். குரோமியம் ஹைட்ராக்சைடும் கூடவே இறங்கும். இரவு விட்டால் காலையில் மேலே தெளிந்த நீர் நிற்கும். அதைக் கார்பன் டாட்டால் ஒருமுறை, டைஃபீனைல் கார்பசைடால் ஒருமுறை பாருங்கள்.

கழிவு

எதையும் சிங்க்கில் ஊற்றக்கூடாது. இந்த ஊர் சிங்க் எங்கே போய்ச் சேரும் என்று எல்லோருக்கும் தெரியும். பாலாற்றை முன்வைத்து வேலூர்க் குடிமக்கள் போட்ட வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. குரோமியம்-6 மிச்சமுள்ள எல்லாக் கரைசலையும் ஒரே கேனில் சேர்த்து, பி.எச். 2.5-க்குக் கொண்டுவந்து, குரோமியம் ஒரு கிராமுக்கு 20 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட் படிகம் போட்டுக் கலக்குங்கள். கணக்குப்படி 16 கிராம் போதும், கூடுதல் நாலு கிராம் பாதுகாப்புக்கு. ஒரு துளி எடுத்து டைஃபீனைல் கார்பசைடில் நிறம் எழவில்லை என்று பார்த்தபின் சுண்ணாம்பால் பி.எச். 8.5-க்கு உயர்த்தி, படிந்த சேற்றை வடியுங்கள். அசிட்டோன் கலந்த கார்பசைடுக் கழிவுக்குத் தனி பாட்டில்.

அந்தச் சேற்றைத் தோட்டத்து மண்ணில் புதைப்பதும் எரிப்பதும் வேண்டாம். மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு குரோமியம்-3ஐத் திரும்பக் குரோமியம்-6 ஆக்கும். சுண்ணாம்போடு சேர்த்துச் சூடேற்றினாலும் அதேதான், குரோமேட் ஆலையில் தாதுவிலிருந்து குரோமேட் எடுப்பதே அப்படித்தான். உலர்ந்த சேற்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, குரோமியம்-3 ஹைட்ராக்சைடு, தேதி, எடை என்று எழுதி ஒட்டி, கல்லூரியின் அபாயகரக் கழிவு எடுக்கும் வண்டி வரும்வரை பூட்டிய அலமாரியில் வையுங்கள்.